கே.எச். மெஷினுக்கு வீட்டிலேயே ரீஏஜென்ட் கலப்பது எப்படி?

பவளத் தொட்டியின் ஆல்கலினிட்டியை (கே.எச்., அதாவது தண்ணீர் ஆசிட்டை முறிக்கும் திறன்) தானாக அளக்கும் மெஷின்களில் பி.எச். புரோப் வைத்து அளப்பவைக்கு ஊற்றும் ரீஏஜென்ட் பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, பி.எச். 4.5-க்குப் பக்கத்தில் இறங்கும்வரை சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டு, எவ்வளவு செலவானது என்று மெஷின் கணக்குப் போடுகிறது. அந்த ஆசிட்டை கோவையிலோ ஈரோட்டிலோ லேப் கெமிக்கல் கடையில் பொருள் வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். ட்ரைடென்ட் போல நிறமாற்றத்தைப் பார்த்து அளக்கும் மெஷின்களுக்கு இது ஆகாது. அவற்றின் ரீஏஜென்டில் சாயமும் சேர்ந்திருக்கும்.

முதலில் உங்கள் மெஷினுக்கு என்ன நார்மாலிட்டி (ஆசிட்டின் வலு) வேண்டும் என்று பாருங்கள். மேனுவலில் இல்லையென்றால் பழைய ரீஏஜென்ட் தீர்வதற்குள் கண்டுபிடித்துவிடலாம். மெஷின் காட்டும் டி.கே.எச். (ஆல்கலினிட்டியின் அலகு) அளவை 0.357-ஆல் பெருக்கி, அதை மாதிரித் தண்ணீரின் மி.லி.-ஆல் பெருக்கி, செலவான ஆசிட் மி.லி.-ஆலும் 1000-ஆலும் வகுத்தால் நார்மாலிட்டி வந்துவிடும். 50 மி.லி. மாதிரி, 8 டி.கே.எச்., செலவு 2.86 மி.லி. என்றால் 0.05 நார்மல். கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த 0.05-க்குத்தான். 0.02 அல்லது 0.1 என்றால் ஆசிட்டை மட்டும் அதே விகிதத்தில் குறைத்தோ கூட்டியோ எடுங்கள்.

ஆசிட்டை இரண்டு விதமாக வாங்கலாம். 1 நார்மல் என்று லேபிள் ஒட்டிய எச்.சி.எல். கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை கூடினாலும் புகை, காயம் பயம் குறைவு. 236 மி.லி. எடுத்து 4.5 லிட்டராக்கினால் போதும். கிடைக்காவிட்டால் எல்.ஆர். அல்லது ஏ.ஆர். தரத்தில் (லேப் உபயோகத்துக்கான தூய்மை) 35 முதல் 37 சதவீத அடர் ஆசிட், அதில் 20.5 மி.லி. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து கடையில் அடையாள அட்டை கேட்டு, எதற்கு என்றும் எழுதிக்கொள்வார்கள். கையோடு ஒரு நகல் கொண்டு போங்கள்.

பாத்ரூம் கழுவும் மஞ்சள் ஆசிட் வேண்டாம். அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பு; அடர்த்தி எவ்வளவு என்றும் தெரியாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு பேரலில் வரும் ஆசிட்டும் அதே ரகம்தான். எலுமிச்சை உப்பு, வினிகர் இரண்டும் வீண்: வலுக்குறைந்த ஆசிட்டுகள் பி.எச். 4-5 பக்கம் தாங்கிப் பிடித்துக்கொள்வதால் முடிவுப்புள்ளி (ஆசிட் விடுவதை மெஷின் நிறுத்தும் இடம்) மழுங்கிவிடும்.

அடர் ஆசிட்டைக் கையாளும்போது மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்துக் கலக்குங்கள். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பக்கத்தில் ஒரு பாக்கெட் சமையல் சோடா இருக்கட்டும். சிந்தினால் மேலே தூவலாம். பிளீச்சிங் பவுடர் அந்தப் பக்கமே வரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். 5 லிட்டர் கேனில் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஆசிட்டை விட்டு, பிறகு 4.5 லிட்டர் கோடு வரை நிரப்புங்கள். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட். அடர் ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியை இறுக்கி இருபது முப்பது முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். ஆசிட் அடியில் தங்கிவிட்டால் முதல் வாரம் ஒரு ரீடிங், அடுத்த வாரம் வேறு ரீடிங் வரும். மெஷின் கெட்டுவிட்டது என்று கழற்ற ஆரம்பித்துவிடுவீர்கள்.

இந்த அளவு 0.05-ஐவிட 3 முதல் 9 சதவீதம் காட்டமாக வரும். அது வேண்டுமென்றே வைத்தது. காட்டத்தைக் குறைக்கத் தண்ணீர் போதும். கூட்ட வேண்டுமானால் மறுபடி அடர் ஆசிட் பாட்டிலைத் திறக்க வேண்டும். கேனில் அரை லிட்டர் இடம் விட்டதும் அதற்குத்தான்.

கலந்ததன் உண்மையான வலு என்ன என்று தெரிந்துகொள்வதில்தான் வேலையே இருக்கிறது. அதற்கு அளவு தெரிந்த கரைசல் வேண்டும். எல்.ஆர். தர சோடியம் பைகார்பனேட் 2.40 கிராம் எடுத்து ஒரு லிட்டர் ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் கரைத்துக் கோடு வரை நிரப்புங்கள். நகைப்பட்டறைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் தராசு போதும். சமையலறைத் தராசு பத்தாது. இந்தக் கரைசலில் 100 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் 8 டி.கே.எச்.; 50 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் 4 டி.கே.எச். இரண்டிலும் லிட்டருக்கு 35 கிராம் எல்.ஆர். தர சோடியம் குளோரைடு சேர்த்துவிடுங்கள். உப்பில்லாத நீரில் புரோப் கொஞ்சம் வேறுமாதிரி காட்டும். கடைப் பொடி உப்பில் கட்டியாகாமல் இருக்கக் கார்பனேட் சேர்த்திருக்கலாம், அது கணக்கைக் கெடுக்கும்.

பைகார்பனேட் பழைய பாக்கெட் என்றால் சந்தேகமே. ஒரு பங்கு கார்பனேட்டாக மாறியிருந்தால் அதே எடைக்கு ஆல்கலினிட்டி கூடிவிடும். அப்போது ஓ.டி.ஜி. அவனில் 200 டிகிரியில் மெல்லியதாகப் பரப்பி, எடை குறைவது நிற்கும்வரை வறுத்து, முழுவதையும் சோடியம் கார்பனேட்டாக்கிவிடுங்கள். 10 கிராம் போட்டால் 6.3 கிராம் மிஞ்ச வேண்டும். ஈரம் இழுக்காமல் மூடிய பாட்டிலில் ஆறவிட்டு, 2.40-க்குப் பதில் 1.51 கிராம் எடுங்கள்.

எதற்கு 8, 4 என்று இரண்டு கரைசல்? தண்ணீரில் ஏற்கெனவே உள்ள ஆல்கலினிட்டியைக் கண்டுபிடிக்க. நம் ஊர் போர்வெல் உப்புத் தண்ணியில் பைகார்பனேட் ஏராளம். வீட்டு ஆர்.ஓ.-வில் டி.டி.எஸ். கன்ட்ரோலரோ ஆல்கலைன் கேட்ரிட்ஜோ இருந்தால் அதில் கொஞ்சம் திரும்பவும் கலந்துவிடும். சிறுவாணித் தண்ணியும் மென்மையானதே தவிர சுழி அல்ல. ஒரு டி.கே.எச். உள்ள தண்ணீரில் ஆசிட்டைக் கலந்தால் வலு 0.7 சதவீதம்தான் குறையும், கவலையில்லை. அதே தண்ணீரில் சோதனைக் கரைசலைச் செய்தால் 8 என்பது 9 ஆகிவிடும். டி.ஐ. (அயனி நீக்கிய) தண்ணீரோ, டி.டி.எஸ். மீட்டரில் 0-2 காட்டும் டிஸ்டில்ட் வாட்டரோ பயன்படுத்துங்கள்.

புரோப்பை 7.00, 4.01 பி.எச். பஃபர் கரைசல்களில் கேலிபரேட் செய்து, புது ஆசிட்டைக் குழாய் முழுக்க ஓடவிட்டு, தானியங்கி டோசிங்கை (ஆல்கலினிட்டி கூட்டும் கரைசலைத் தொட்டியில் விடுவதை) அணைத்துவிட்டு ஒவ்வொரு கரைசலையும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். டோசிங்கை அணைக்காமல் விட்டால், ரீடிங் குறைவு என்று நினைத்து மெஷின் தொட்டியில் அந்தக் கரைசலைக் கொட்டித் தள்ளும்.

வந்த எண்களை இப்படிப் படிக்கலாம். 8.6, 4.6 என்றால் இரண்டிலும் அதே 0.6 கூடுதல், தண்ணீரில் ஆல்கலினிட்டி இருக்கிறது, ஆசிட் சரி. 8.6, 4.3 என்றால் விகிதப்படி கூடியிருக்கிறது, ஆசிட் வலுக்குறைவு. 7.7, 3.9 என்றால் வித்தியாசம் 4-க்குப் பதில் 3.8, ஆசிட் காட்டம். 4-ஐ 3.8-ஆல் வகுத்தால் 1.053. கேனில் 4.5 லிட்டர் இருந்தால் 4.737 லிட்டராக்க வேண்டும், அதாவது 237 மி.லி. தண்ணீர். ஊற்றி, கலக்கி, மறுபடி அளங்கள். வலுக்குறைவாக வந்துவிட்டால் மெஷினில் திருத்தக் காரணி போடும் இடம் இருக்கிறதா பாருங்கள், ஆசிட் சேர்ப்பதைவிட அதுவே லேசு.

கடைசியாகத் தொட்டித் தண்ணீரைப் பழைய ரீஏஜென்டிலும் புதியதிலும் ஒரே மணி நேரத்துக்குள் அளந்து பாருங்கள். 0.1-க்குள் ஒத்துப்போனால் டோசிங்கைப் போடலாம்.

பிறகு ரீடிங் நகர்ந்தால் உடனே ரீஏஜென்ட் மேல் பழி போட வேண்டாம். மெல்ல மெல்ல ஏறினால் ஆசிட் விடும் பெரிஸ்டால்டிக் பம்ப்பின் குழாய் தேய்ந்திருக்கும்: ஒரு சுற்றுக்கு ஆசிட் குறைவாக வருகிறது, மெஷின் அதிகம் செலவானதாக எண்ணுகிறது. திடீரென ஒரு ரீடிங் மட்டும் எகிறினால் குழாயில் காற்றுக் குமிழி. மெல்ல இறங்கினால் கேன் மூடி சரியில்லை. கரூர், ஈரோடு வெயிலில் தண்ணீர் ஆவியாகி ஆசிட் காட்டமாகியிருக்கும். மூடியில் குழாய் நுழையும் துளையும், காற்று போக ஊசித்துளை ஒன்றும் மட்டும் போதும். வெப்பத்தில் திரவம் விரிவதால் வரும் பிழை 20-லிருந்து 40 டிகிரிக்குப் போனாலும் 0.6 சதவீதம்தான்.

நீர்த்த ஆசிட் இறுக மூடி வைத்தால் கெடாது. ஒரு நாளைக்கு 4 முறை அளந்தாலும் 5 லிட்டர் ஒரு வருடத்துக்கு மேல் வரும். தேதியும் நார்மாலிட்டியும் எழுதி ஒட்டுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். அடர் ஆசிட் பாட்டிலைத் தொட்டியின் கேபினட்டுக்குள் வைத்தால் கசியும் புகையில் பம்ப் போர்டும் கிளாம்பும் துருப்பிடிக்கும். வெளியே, பூட்டி வையுங்கள். மெஷினிலிருந்து வரும் கழிவு லேசான புளிப்பும் உப்பும்தான். சிங்க்கில் ஊற்றி போர்வெல் தண்ணி விட்டால் அதன் பைகார்பனேட்டே ஆசிட்டை முறித்துவிடும். செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பில் கருகிவிடும்.