முதியோர் இல்லத்தில் அவரவர் விருப்பம் கேட்டுச் சமைக்க

தண்டையார்பேட்டையில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருபவரிடம் "என்ன பிடிக்கும்?" என்று கேட்டால், "எதுவானாலும் சரிம்மா" என்பார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு. அதனால் நுணுக்கிக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள்? காய்ச்சல் வந்தால் நாக்கு எதைத் தேடும்? எந்த நாளில் கவிச்சி தொட மாட்டீர்கள்? புரட்டாசி சனிக்கிழமை, தவக்காலம், ரமலான் நோன்பு எல்லாவற்றையும் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மாற்று ஆள் சமைக்க வரும் நாளில்தான் அது மிகவும் உதவும்.

மருத்துவர் பத்தியம் சொன்னால், எது கூடாது என்பதோடு விடாதீர்கள். எவ்வளவு வரை சரி, எந்தப் பக்குவத்தில் சரி என்றும் கேளுங்கள். ராயபுரத்து ஆயா ஒருவர் சாம்பார் சோற்றை இரண்டு வாயோடு தள்ளிவிடுவார். மீன் கேட்டார், ஆனால் பல் இல்லை, முள் ஆகாது, உப்பும் குறைவாக வேண்டும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு காசிமேட்டில் பால்சுறா வாங்கி வந்தேன். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நடு எலும்பை எடுத்துவிட்டு, விரலால் தடவித் தடவி உதிர்த்தேன். நிறைய பூண்டு, வெங்காயம், இஞ்சி, மிளகு; உப்பு பேருக்குத்தான். சுறாப்புட்டு உதிரியாக இருந்தால் தொண்டையில் சிக்கும் என்பதால் குழைந்த சோற்றில் ஈரமாகப் பிசைந்து கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். விழுங்கச் சிரமப்படுபவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தே ஊட்டுங்கள். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பாத்திரம், கரண்டி, எண்ணெய் எல்லாமே தனி. மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்து வைத்துவிட்டு சைவம் என்று சொல்வது துரோகம். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

மறதி நோய் இருப்பவரிடம் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, இட்லியும் உப்புமாவும் இரண்டு தட்டில் வைத்துக் காட்டுங்கள். கை எங்கே போகிறதோ அதைக் கொடுங்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அங்கிருந்து வருபவர் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கேட்டால் மாதம் ஒரு நாளாவது செய்து கொடுங்கள்.

வேண்டாம் என்றால் திணிக்காதீர்கள். அரை மணி கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 2.5 கிலோ இளைத்திருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.