மேகத்துக்குள்ளும் தெரிய வேண்டும்: பைக்கில் எல்இடி இண்டிகேட்டர் மாட்டும் முறை

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மேகம் இறங்கிவிட்டால் பட்டப்பகலிலேயே முன்னால் போகும் வண்டியின் விளக்கு மட்டும்தான் கண்ணுக்குப் படும். நீங்கள் ஓரத்து டீக்கடைக்குத் திரும்புவது பின்னால் வரும் பஸ் டிரைவருக்குத் தெரிய வேண்டும். கையைக் காட்டினால் அந்த வெள்ளைக்குள் தெரியாது. எல்இடி பளிச்சென்று எரியும், சாலைக் குலுக்கலில் இழை அறுந்து போகாது. அதற்காகவே மாற்றச் சொல்கிறேன், அழகெல்லாம் அப்புறம்.

12 வோல்ட், ஆரஞ்சு ஒளி என்று கேட்டு வாங்குங்கள். கருப்புக் கண்ணாடி போட்டது வேண்டவே வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடும். கூடவே எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு மின்னவைக்கும் பெட்டி), வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர், சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் லேம்ப், ஸ்பேனர் செட்.

முதலில் சாவியைப் போட்டு இடது இண்டிகேட்டரை ஓட விடுங்கள். எந்த வயரில் டெஸ்ட் லேம்ப் மின்னுகிறதோ அது பிளஸ், மற்றது எர்த். கம்பெனிக்குக் கம்பெனி வயரின் நிறம் மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் போட்டோ எடுத்து வையுங்கள். வலதுபக்கமும் பார்த்த பிறகு சாவியை அணைத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.

பழைய விளக்குகளைக் கழற்றிப் புதியதை மாட்டுவது எளிது. முன்பக்க வயர்கள் பெரும்பாலும் ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும், பின்பக்கம் சீட்டுக்கு அடியில். எல்இடியில் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. அப்படி ஆனால் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

இப்போது பிளாஷர். பழையது பல்பு இழுக்கும் கரண்டை நம்பி வேலை செய்வது. முன்னும் பின்னும் 10 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் சுமார் 1.7 ஆம்பியர். எல்இடி அதில் சிறு பங்குதான் இழுக்கும். அதனால் பழைய பிளாஷர் படபடவென்று மின்னும், சிலதில் மின்னாமலே நிற்கும். பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்க ஒரு ரெசிஸ்டர் போட்டும் சரிசெய்யலாம், ஆனால் அது கை வைக்க முடியாத அளவு சுடும். பிளாஷரை மாற்றுவதே நல்லது. பி முனைக்குச் சாவியிலிருந்து வரும் பிளஸ், எல் முனைக்கு ஸ்விட்சுக்குப் போகும் வயர். மூன்றாவதாக இ இருந்தால் எர்த்.

சில பைக்குகளில் மீட்டரில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே பச்சை பல்பு இருக்கும். அதில் எல்இடி மாட்டினால் இடது போட்டாலும் நான்கும் சேர்ந்து மின்னும். பச்சை பல்பு வழியாகக் கசியும் சின்னக் கரண்டே எதிர்ப்பக்க எல்இடிக்குப் போதும் என்பதுதான் காரணம். அந்தப் பல்பின் இரண்டு வயரையும் பிரித்து, இடது வயரில் ஒன்று, வலது வயரில் ஒன்று என 1என்4007 டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள முனைகள் இரண்டும் சேர்ந்து பல்பின் ஒரு காலுக்குப் போகட்டும், மறு காலுக்கு எர்த்.

எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. முதல் தடவை நான் இணைப்புகளில் வெறும் டேப் சுற்றியிருந்தேன். மாதம் திரும்புவதற்குள் டேப் பிசுபிசுத்து நழுவி, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பின் இண்டிகேட்டர் நின்றுபோனது எனக்கே தெரியாமல் இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். இப்போது சால்டர் வைத்து, மேலே ஸ்லீவைச் சூடாக்கி இறுக்குகிறேன். இணைப்புக்கு முன் வயரைக் கொஞ்சம் தொங்க விடுங்கள், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுக்கத் திருப்பி வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

பேட்டரியின் மைனஸை மாட்டி, சாவியைப் போட்டு இண்டிகேட்டர் மின்னுவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும். அப்புறம் மேகம் இறங்கிய ஒரு மாலையில், வீட்டில் யாரையாவது ஐம்பதடி பின்னால் நிற்கச் சொல்லி, எந்தப் பக்கம் மின்னுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.