ஷார்ட்ஸ்டாப் சறுக்கும்போது வானொலியில் வாதாடுவது எப்படி

நியூயார்க்கின் டபிள்யூ.எஃப்.ஏ.என் நிலையம் 1987 ஜூலை 1 முதல் விளையாட்டுப் பேச்சை நம்பியே பிழைத்து வருகிறது. நகரத்தின் பேஸ்பால் அணிகளில் ஒன்றான யாங்கீஸ் தோற்ற இரவுகளில் அந்த நிலையத்தின் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. 2025 சீசனில் அங்கே அதிகம் அடிபட்ட பெயர்களில் ஒன்று ஆண்டனி வோல்பே. நியூஜெர்சியில் யாங்கீஸ் ரசிகராகவே வளர்ந்து, 2019-இல் புதியவர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வின் முதல் சுற்றிலேயே அந்த அணியால் எடுக்கப்பட்டு, 2023 சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஷார்ட்ஸ்டாப்பாக (பேஸ் எனப்படும் ஓட்ட நிலைகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்) இறங்கிய பையன். மூன்றாவது ஆண்டில் சொந்த மைதானத்திலேயே கூச்சல் வாங்கினார். இப்படி ஒரு விவாதத்தை விவரமாகக் கேட்கவும், தேவைப்பட்டால் போன் போட்டுப் பேசவும் என்ன தயாரிப்பு வேண்டும் என்பதை அவரையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

முதல் வேலை, வழக்கைப் பிரிப்பது. "இவன் சரியில்லை" என்ற ஒரு வாக்கியத்துக்குள் மூன்று புகார்கள் கிடக்கும். மட்டை சரியில்லை, கையுறை சரியில்லை, அவரை அங்கேயே நிறுத்திவைத்திருக்கும் நிர்வாகம் சரியில்லை. வானொலியில் மூன்றும் ஒரே மூச்சில் கலந்துவரும். அழைப்பவர் மட்டையைத் திட்டுவார், தொகுப்பாளர் கையுறையைக் காட்டித் தப்பித்துக்கொள்வார். எந்தப் புகாரைப் பேசப்போகிறோம் என்று முடிவாகும்வரை போனைத் தொட வேண்டாம்.

மட்டைக் கணக்கு

கிரிக்கெட்டில் பழகியவர்களுக்கு .212 என்ற சராசரி முதலில் எதையும் உணர்த்தாது. கணக்கில் சேரும் ஆயிரம் முயற்சிகளில் 212 ஹிட் (பந்தை அடித்துவிட்டு பேஸை எட்டுவது) என்று அர்த்தம். 2025-இல் வோல்பேயின் எண் அதுதான். அந்த ஆண்டு லீக் சராசரி .245. ஒரு சீசனில் 540 முயற்சி என்று வைத்துக்கொண்டால், .212 அடிப்பவருக்கும் .250 அடிப்பவருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 20 ஹிட். சீசன் 26 வாரம். வாரத்துக்கு ஒரு ஹிட் கூடக் கிடையாது. ஆகவே பேட்டிங் சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவர் ஐந்து நிமிடம் கத்தினால், அவர் பேசுவது அந்த ஒரு ஹிட்டைப் பற்றித்தான்.

ஓபிஎஸ்ஸைப் பாருங்கள். பேஸை அடையும் விகிதமும் அடியின் வலு காட்டும் ஸ்லக்கிங் விகிதமும் கூட்டினால் வரும் எண் அது. 2023 முதல் 2025 வரை லீக் சராசரி .710-க்கும் .735-க்கும் இடையில் ஆடியது. வோல்பேயின் மூன்று ஆண்டுகள்: 2023-இல் .666, 2024-இல் .657, 2025-இல் .663. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விவாதத்தின் பாதி தானாக அடங்கிவிடும். இதைத் 'திடீர் சறுக்கல்' என்று சொல்லவே முடியாது. மூன்று ஆண்டிலும் பேஸை அடையும் விகிதம் .300-ஐத் தொடவில்லை. 1,800-க்கும் மேற்பட்ட வாய்ப்புகளுக்குப் (மட்டையோடு நின்ற எல்லா முறையும் சேர்த்து) பிறகு "முடிவுக்கு வர இன்னும் போதிய எண்ணிக்கை இல்லை" என்று தொகுப்பாளர் சொன்னால், அங்கே மடக்கலாம்.

ஏப்ரல் மாதத்தில் மட்டும் அந்த வாதம் செல்லும். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) விகிதம் ஏறத்தாழ 60 வாய்ப்புகளில் நிலைப்படத் தொடங்கும், வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) விகிதத்துக்கு 120 வேண்டும், ஹோம் ரன் விகிதத்துக்கு 170 வரை போகும். பேட்டிங் சராசரிக்கு ஒரு முழு சீசனே போதாது. ஏப்ரல் 25-இல் ஒருவரின் சராசரியை வைத்து ஊர்வலம் போகிறவர்களிடம் அவருடைய ஸ்ட்ரைக் அவுட் விகிதம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனம்தான்.

இதற்கு அழகான உதாரணம் 2025 அக்டோபரில் டொராண்டோவுக்கு எதிரான பிளேஆஃப் தொடர். வோல்பே 15 முயற்சிகளில் 1 ஹிட், 11 ஸ்ட்ரைக் அவுட். எல்லோரும் அந்த ஒரு ஹிட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள். .212 அடிக்கும் எவருக்கும் 15 முயற்சிகளில் ஒன்றோ பூஜ்யமோ வருவதற்கு ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. அது அதிசயமே அல்ல. அந்த 11 வேறு கதை. சீசனில் நான்கு வாய்ப்புக்கு ஒன்று என்ற அளவில் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர், இங்கே நான்குக்கு மூன்றை நெருங்கினார். அதைத் துரதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது. புகார் சொல்ல வேண்டிய எண் எது, விட்டுவிட வேண்டிய எண் எது என்பது இப்படித்தான் பிரியும்.

அடுத்து பேஸ்பால் சவந்த் என்ற புள்ளிவிவரத் தளத்தில் வீரரின் பக்கத்தைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஸ்ட்ரைக் கட்டத்துக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தும் விகிதம். லீக் அளவு 28% பக்கம். இரண்டு, மணிக்கு 95 மைலுக்குக் குறையாத வேகத்தில் அடித்த பந்துகளின் விகிதம், லீக் அளவு 40% பக்கம். மூன்று, கட்டத்துக்குள் வந்த பந்தையே தவறவிடும் விகிதம். பலமாக அடிக்கும் விகிதம் குறையாமல் சராசரி மட்டும் விழுந்திருந்தால் பந்து ஆள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போகிறது என்று பொருள். பொறுக்கலாம். கட்டத்துக்குள் தவறவிடுவது ஏறியிருந்தால் மட்டை தாமதமாக வருகிறது. ஸ்விங்கிலோ (மட்டையைச் சுழற்றும் விதம்) உடம்பிலோ ஏதோ கோளாறு.

ஸ்விங்கை மாற்றச் சொல்லும் அழைப்பாளர்களுக்கு ஒரு தகவல்: அதையும் செய்து பார்த்தாயிற்று. 2024-இல் வோல்பே ஸ்விங்கைத் தட்டையாக்கினார். ஸ்ட்ரைக் அவுட் குறைந்தது, சராசரி .209-லிருந்து .243-க்கு ஏறியது, ஹோம் ரன் 21-லிருந்து 12-க்கு விழுந்தது. 2025-இல் ஹோம் ரன் 19-க்குத் திரும்பியது, சராசரி பழைய இடத்துக்கே வந்தது. ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் தெரியும் போர்வை. ஓபிஎஸ் அசையவில்லை.

கையுறைக் கணக்கு

இங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள், ஏனென்றால் எரர் எனப்படும் தடுப்புப் பிழை கண்ணுக்கு நேரே நடக்கிறது. வோல்பே 2025-இல் 19 எரர் செய்தார் என்று வானொலி முழங்கியது. 2023-இல் அவர் செய்தது 17. அதே ஆண்டில்தான் சிறந்த தடுப்பாளருக்கான கோல்டு கிளவ் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் யாங்கீஸ் புதுமுகம் அவர். எரர் எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்றால் இரண்டு எரரில் விருதாளர் வில்லன் ஆகிவிடுவாரா?

எரரை முடிவுசெய்பவர் மைதானத்தில் இருக்கும் அதிகாரப்பூர்வ ஸ்கோரர். சாதாரண முயற்சியில் அவுட் ஆகியிருக்க வேண்டிய பந்துக்குத்தான் அதை எழுதுவார். எட்டவே முடியாத பந்துக்கு எரர் கிடையாது. அதனால் கால் நகராத ஷார்ட்ஸ்டாப் சுத்தமானவராகத் தெரிவார், பாய்ந்து எட்டிப் பிடித்து எறிவதில் பிசகுபவர் குற்றவாளி ஆவார். இதைச் சரிசெய்யத்தான் டிஆர்எஸ், ஓஏஏ போன்ற அளவுகள் வந்தன. முதலாவது, சராசரி ஆட்டக்காரரைவிட எத்தனை ரன் மிச்சப்படுத்தினார் என்கிறது. இரண்டாவது, எத்தனை அவுட் கூடுதலாக எடுத்தார் என்கிறது. 2023-இல் வோல்பேயின் டிஆர்எஸ் 15. தன் கையால் அணிக்கு 15 ரன் மிச்சம்.

சறுக்கும் ஆண்டில் இந்த எண்களும் கூடவே விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால், எரர்களைப் பிடித்ததில் வந்தவை, எறிந்ததில் வந்தவை என்று இரண்டாகப் பிரியுங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸுக்கு ஓட சராசரி ஆட்டக்காரருக்கு 4.3 விநாடி ஆகும். பந்தைக் கையில் எடுக்கத் தடுமாறியவர் மிச்ச நேரத்தைக் கையால் ஈடுகட்டப் பார்ப்பார், கால் ஊன்றாமல் எறிவார், பந்து முதல் பேஸ்மேனின் காலடியில் குத்தும். ஸ்கோர் புத்தகம் அதை எறிதல் பிழை என்று எழுதும். கோளாறு தொடங்கியது பிடித்த இடத்தில்.

காயம்

2025 மே 3 அன்று பந்துக்குப் பாய்ந்தபோது வோல்பேயின் இடது தோளில் அடிபட்டது. சீசன் முழுக்க ஆடிவிட்டு அக்டோபரில் லாப்ரம் (தோள் மூட்டைச் சுற்றிய குருத்தெலும்பு) கிழிசலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எறியும் கை வலது. ஆனால் வலது கை மட்டையாளருக்கு இடதுதான் முன் தோள், ஸ்விங்கை இழுத்துச் செல்வது அது. ஆகவே "தோள் வலியால்தான் தப்பாக எறிந்தான்" என்ற அனுதாபம் நேரடியாகப் பொருந்தாது, "தோள் வலியால் மட்டை தளர்ந்தது" என்பது பொருந்தலாம். சோதிக்க வழி எளிது. எண்களை மே 3-க்கு முன், பின் என்று வெட்டிப் பாருங்கள். பிறகு 2023, 2024 என்ற ஆரோக்கியமான ஆண்டுகளோடு வையுங்கள். அந்த ஆண்டுகளின் ஓபிஎஸ்ஸும் இதே எண்தான் என்பதை எதிராளி நினைவூட்டுவார், தயாராக இருங்கள்.

"ஜீட்டரும்தான் தடுமாறினார்"

ஒவ்வொரு இளம் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப்புக்கும் இந்த வக்கீல் தப்பாமல் வந்து நிற்பார். யாங்கீஸின் புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் 2004 ஏப்ரலில் தொடர்ந்து 32 முயற்சிகளில் ஹிட் இல்லாமல் நின்றது உண்மை, கூச்சல் வாங்கியதும் உண்மை. ஆனால் அப்போது அவர் நான்கு உலகத் தொடர் வென்று எட்டாண்டு நிரூபித்தவர், அந்த ஆண்டையும் .292-இல் முடித்தார். ஒப்பீடு ஒட்டவில்லை. பொருத்தமான ஆளைத் தேடினால் டான்ஸ்பி ஸ்வான்சன் கிடைப்பார். 2017-இல் அட்லாண்டா அவரை ஜூலை இறுதியில் ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ அணிக்கு இறக்கியது, ஆண்டு .232-இல் முடிந்தது. 2022-இல் 25 ஹோம் ரன்னோடு கோல்டு கிளவ் வாங்கினார். இன்னும் பின்னால் போனால் ஆஸி ஸ்மித், 1979-இல் .211 அடித்தவர், மறு ஆண்டு தொடங்கி வரிசையாக 13 கோல்டு கிளவ். மீண்டு வந்தவர்களின் பெயர்தான் நமக்கு நினைவிருக்கும், மீளாதவர்களின் பட்டியல் இதைவிட நீளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேறு யார்?

நிர்வாகத்தைப் பற்றிய மூன்றாவது புகார்தான் போன் போடத் தகுந்தது. "தூக்கு அவனை" என்பவரிடம் தொகுப்பாளர் கேட்கும் முதல் கேள்வி "வேறு யார்?" என்பதுதான், பதில் இல்லாவிட்டால் அழைப்பு பத்து விநாடியில் முடியும். வழிகள் நான்கு: உட்காரவைப்பது, இன்னொருவரோடு பகிரவைப்பது, கீழ் அணிக்கு அனுப்புவது, வர்த்தகம்.

ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. ஒரு வீரரைக் கீழே அனுப்ப அணிக்கு வழக்கமாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள் (அப்படி அனுப்பும் உரிமையுள்ள ஆண்டுகள்) கிடைக்கும். சீசனில் 20 நாளுக்குக் குறையாமல் கீழே இருந்தால் ஓர் ஆண்டு செலவாகும். பிட்சர் அல்லாதவர் பொதுவாகக் குறைந்தது 10 நாள் அங்கே இருந்தாக வேண்டும், மேல் அணியில் யாராவது காயமடைந்தால் விதிவிலக்கு. மேல் அணியில் ஐந்தாண்டு சேவை முடித்தவர் போக மறுக்கலாம். வர்த்தகக் கெடு ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் முதல் நாட்களிலோ முடிந்துவிடும். ஆகஸ்ட் 10-இல் நட்சத்திர ஷார்ட்ஸ்டாப்பை வாங்கச் சொல்லிப் போன் செய்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

2025-இல் யாங்கீஸ் கெடு நாளில் டாம்பா பேயிலிருந்து ஹொசே கபாயேரோவை வாங்கியது. 2024-இல் 44 பேஸ் திருடி அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தவர், பல இடங்களில் ஆடுவார். "வாரத்தில் இரண்டு ஆட்டம் கபாயேரோவுக்குக் கொடுங்கள், வோல்பேயின் தோளுக்கும் ஓய்வு" என்று அப்போது சொல்லியிருந்தால் அது நிற்கும் வாதம். இருபது வயதில் டிரிபிள்-ஏவுக்கும் கீழே டபுள்-ஏ அணியில் இருந்த ஜார்ஜ் லம்பார்ட் ஜூனியரை உடனே கூப்பிடச் சொல்வது, ஒரு பையனின் பிரச்சினையை இன்னொரு பையனுக்கு மாற்றிக் கட்டுவது.

அழைப்பு

சென்னையிலிருந்து கேட்பவர்களுக்கு: கோடைக்காலத்தில் நியூயார்க் இரவு 7:05 ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 4:35. அங்கே காலை 6 மணி நிகழ்ச்சி இங்கே மாலை 3:30.

போனை முதலில் எடுப்பவர் தயாரிப்புக் குழுவில் ஒருவர். பெயர், ஊர், பேசப்போகும் விஷயம் கேட்பார். விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "வோல்பே பற்றி" என்றால் வரிசையில் கடைசி. "மூன்று ஆண்டும் ஒரே ஓபிஎஸ், இது சறுக்கல் இல்லை" என்றால் முன்னே நகர வாய்ப்பு உண்டு. காத்திருப்பு நீளும், சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வானொலியை முழுதாக அணைத்துவிடுங்கள். ஒலிபரப்பு சில விநாடி தாமதமாக வருவதால் தன் குரலே திரும்பக் கேட்டு வாக்கியத்தைப் பாதியில் விட்டவர்கள் ஏராளம்.

உங்களுக்குக் கிடைப்பது முக்கால் நிமிடம். நலம் விசாரிப்பில் பத்து விநாடியைக் கரைக்க வேண்டாம். ஒரு வாதம், இரண்டு எண், ஒரு மாற்று வழி, அவ்வளவுதான் கொள்ளும். எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், பதற்றத்தில் .663 என்பது .633 ஆகிவிடும், தொகுப்பாளர் அந்தத் தவறை மட்டும் பிடித்துக்கொள்வார். வீரரின் ஆட்டத்தைப் பேசுங்கள், அவருடைய குடும்பத்தையும் குணத்தையும் தொட்டால் பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கேள்வியைக் கேட்டதும் வைத்துவிட்டு நிலையத்தை ஒலிக்கும் செயலியைத் திறவுங்கள். அங்கே ஒலி அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும், பதிலுக்கு முன் நீங்கள் பேசியதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.