தாலி கட்டும்போது மூன்றடி இடம் விடுங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்து, கெட்டிமேளத்துக்குக் கை காட்டினார். தவில் முழங்கியதும் முன்வரிசையில் பதினைந்து பேர் எழுந்தார்கள். எல்லார் கையிலும் செல்போன். நான் எடுத்த பதினோரு படத்தில் ஒன்பதில் பெண்ணின் சித்தப்பா முழங்கைதான் இருக்கிறது. மீதி இரண்டில் தாலி தெரிகிறது, பெண் முகம் தெரியவில்லை. ஆல்பம் வாங்க வந்த அன்று அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் சட்டென்று புரட்டிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கும்பகோணம் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. அவர் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம், தாலி கட்டுக்கு அதில் மூன்றுதான் செலவு செய்வார். முதல் நாள் ராத்திரியே தவில்காரரிடம் போய், "அடிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு பார்வை பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வருவார். நானும் அதைத்தான் செய்கிறேன். இப்போது கூடுதலாக முழங்கைகளையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரே வழி: மேடைக்கு முன்னால் மூன்றடி காலியாக இருக்க வேண்டும். போட்டோக்காரர் கத்தினால் யாரும் நகர மாட்டார்கள். தாய்மாமன் சொன்னால் நகர்வார்கள். ஆகவே உங்கள் மாமாவிடம் முன்கூட்டியே சொல்லி, குரல் கனத்த இரண்டு பேரை அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அட்சதையை மேலாகத் தூவச் சொல்லுங்கள். நேராக வீசினால் பெண் கண்ணை மூடிக்கொள்வாள், அந்த நொடிதான் படமாகும்.

மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. முதல் முடிச்சைப் போட்டதும் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு எடுங்கள். பல வீடுகளில் மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போடுவார். அவர் பெண்ணின் தோளுக்குப் பின்னாலேயே நின்று போடட்டும். பக்கவாட்டில் குனிந்தால் அவர் கொண்டைப்பூ பெண்ணின் முகத்தை மறைத்துவிடும். பெண்ணே, தலை குனிவது சரிதான், ஆனால் மோவாய் மாலைக்குள் புதைந்துவிடக் கூடாது. ரோஜா மாலை கனமாக இருந்தால், உட்கார்ந்ததும் யாரையாவது அதைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடச் சொல்லுங்கள். கேமராவைப் பார்க்க வேண்டாம். உங்கள் கண் எங்கே போகிறதோ அது எனக்குப் போதும்.

அடுத்தது வெளிச்சம். மண்டப மேடைகளில் இப்போது ஊதா, பச்சை எல்இடி விளக்கு போடுகிறார்கள். ரிசப்ஷனுக்கு அழகாக இருக்கும். முகூர்த்தத்தில் அதே விளக்கு எரிந்தால் மஞ்சள் பூசிய முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்விடும். அப்புறம் கம்ப்யூட்டரில் எவ்வளவு போராடினாலும் பழைய நிறம் முழுசாகத் திரும்பாது. அலங்காரக்காரரிடம் பேசும்போதே, காலையில் கலர் விளக்குகளை அணைத்து வெள்ளை மட்டும் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். புடவை நிறத்தையும் அவருக்குக் காட்டுங்கள். அரக்குத் திருபுவனம் பட்டுக்குப் பின்னால் அரக்குத் திரை தொங்கினால் பெண்ணின் தலை மட்டும் தனியாக மிதப்பதுபோல் இருக்கும்.

வீட்டு வாசலில் பந்தல் என்றால் மேலே கட்டும் துணியைப் பாருங்கள். ஃப்ளாஷ் வெளிச்சத்தை மேலே அடித்துத் திருப்புவதுதான் எங்கள் வழக்கம். சிவப்புத் துணியில் பட்டுத் திரும்பினால் எல்லார் முகமும் சிவப்பு. வெள்ளையோ சந்தன நிறமோ கட்டச் சொன்னால் உங்கள் போட்டோக்காரர் உங்களை வாழ்த்துவார். ஹோமப் புகைக்கு மின்விசிறிதான் மருந்து. அது மணமக்கள் பக்கமிருந்து வீசி, புகையை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். பெரும்பாலும் யாரோ ஒரு பெரியவர் தனக்குக் காற்று வேண்டும் என்று அதைத் திருப்பிவைத்திருப்பார். சண்டை போடாமல் இன்னொரு விசிறி கொண்டுவந்து அவருக்குத் தனியாக வைத்துவிடுங்கள்.

குடும்பப் படங்களுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதி, எல்லாரையும் முகம் தெரிந்த ஒரு தம்பியிடம் கொடுங்கள். பந்திக்குப் போய்விட்டவர்களை இலையிலிருந்து எழுப்பிக் கூட்டிவர முடியாது. வயதானவர்கள் முதலில். மேடை ஏற முடியாத பாட்டி இருந்தால், மாலையோடு நீங்களே கீழே இறங்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பெரிசாகப் போட்டுத் தரச் சொல்லி வருபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மணப்பெண் அறையில் என் மனைவிதான் எடுப்பாள். மருதாணிக் கை, பூச்சடை, அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வது, எல்லாம் அங்கேதான் நடக்கும். அந்த அறையில் ஜன்னலை மறைத்துப் பெட்டிகளை அடுக்காதீர்கள்.

வெளியில் எடுக்கும் படங்களுக்கு நம் ஊரில் மாதம் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் உரிய காலத்தில் வந்தால் ஆவணிக் கல்யாணத்துக்கு ஆறும் வாய்க்காலும் நிறைந்திருக்கும், வயல் பச்சை கட்டியிருக்கும். தையில் கதிர் முற்றிப் பொன்னிறம். வைகாசியில் காவிரி வெறும் மணல்தான். அதற்காக மனம் தளர வேண்டாம், சாயங்கால வெயிலில் மணலும் நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி என்றால் குடை கொண்டுவாருங்கள். காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் நாலரைக்கு மேல். தண்ணீர் ஓடும்போது படத்துக்காகக் கொள்ளிடத்தில் இறங்காதீர்கள். எங்கே பள்ளம் என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. தாராசுரம் கோயில் கல் ரதத்துக்கு முன்னால் நிற்க எல்லாருக்கும் ஆசை. அது தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிற கோயில். முக்காலி, குடைவிளக்கோடு போய் இறங்குவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

போட்டோக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகுமா? ஒரு வளைகாப்புக்கு எடுத்த என் கார்டு அப்புறம் திறக்கவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்த வளையல் சத்தத்தை எங்கே போய்க் கொடுப்பது? ஆல்பம் வர ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும், படங்களை ஒரு வாரத்துக்குள் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிவிடுங்கள். இரண்டு பிரதி. ஒன்று உங்கள் வீட்டில். இன்னொன்று அம்மா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.