குழாய்த் துளைகளுக்கும் இரும்புத் துளைகளுக்கும் இயல்புநிலை அமைப்பை வகுத்தல்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், பாய்லரிலிருந்து கொழுந்தை வாட்டும் மேல்மாடித் தளத்துக்கு நீராவிக் குழாய் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆலை வடிவமைப்பு மென்பொருளில் அந்தக் குழாய் தளத்தையோ பீமையோ கடக்கும் இடமெல்லாம் துளை வைக்க வேண்டியிருக்கும். ஆளுக்கொரு அளவை இடாதிருக்க, முதற்குழாயை வரையுமுன்பே இயல்புநிலை அமைப்பை, அதாவது தனியே மாற்றாதவரை ஒவ்வொரு துளைக்கும் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அளவுகளையும் விதிகளையும், திட்டம் முழுமைக்குமாக வகுத்து, அதை மாற்றும் உரிமையை ஒருவரிடம் மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, துளையின் அளவு எதிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பதாகும். வெற்றுக் குழாயின் வெளிவிட்டத்தை அடிப்படையாக வைக்காதீர்கள். இன்சுலேஷனின் வெளிப்பரப்பையே வையுங்கள். 2 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் இன்சுலேஷன் சுற்றினால் 140.3 ஆகும், சுற்றிலும் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 190.3. அடுத்த 25இன் மடங்குக்கு உயர்த்தும்படி அமைத்தால் துளை 200 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதே குழாயின் 150ஆம் அழுத்த வகுப்பு ஃபிளேஞ்ச் (குழாய்களை போல்ட்டால் இணைக்கும் வட்டத் தகடு) சுமார் 152 மில்லிமீட்டர் விட்டம் என்பதால், ஃபிளேஞ்சைப் பற்றவைத்த குழாய்த்துண்டையும் அதன் வழியே ஏற்றிவிடலாம். நான் பங்கெடுத்த ஒரு வேலையில் வெற்றுக் குழாயின் அளவே அமைப்பில் இருந்தது. இன்சுலேஷன் சுற்ற வந்தவர் தளமட்டத்தில் நின்றுபோனார், ஒரு சாண் நீளத்துக்குச் சூடான குழாய் மூடப்படாமலே கிடந்தது. அதன் பக்கத்தில்தான் கொழுந்து வாரும் பெண்கள் நடந்து திரிந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

இந்த 25 மில்லிமீட்டர் குழாயின் நகர்வுக்காகவும் விடப்படுவது. ஒரு முனையில் நிலையாகப் பிடிக்கப்பட்ட குழாய் 10 மீட்டர் கிடையாக ஓடி மேலேறுகிறது, 20 பாகையிலிருந்து 170 பாகை செல்சியஸுக்குச் சூடாகிறது என்றால், அது சுமார் 18 மில்லிமீட்டர் நீண்டு துளையின் ஓரத்தை நோக்கி நகரும். கிடைநீளம் இதைவிடக் கூடினால், இயல்புநிலை அளவை நம்பாமல் அந்தத் துளைக்கு மட்டும் இடைவெளியைத் தனியே கூட்டுங்கள்.

தளத் துளைகள் எல்லாவற்றுக்கும் 100 மில்லிமீட்டர் உயரமான விளிம்புத் தகட்டை இயல்பாகவே சேர்த்துவிடுங்கள். கருவிகள் விழாமல் தடுப்பதோடு, தளம் கழுவும் தண்ணீரும் சிதறிய கொழுந்தும் கீழே கொழுந்தை உருட்டும் ரோலர்களின் மேல் இறங்காமலும் அது காக்கும். சுவர்த் துளைக்கு ஸ்லீவ், அதாவது குழாய் நுழைந்துபோகும் உறைக்குழாய், போதும்.

இரும்பு பீமுக்குக் கடுமையான விதி வேண்டும். மேல், கீழ்ப் பட்டைகளை வெட்டுவதற்கு அமைப்பு இடம்தரவே கூடாது. நடுத்தகட்டில் போடும் துளையும் பீமின் உயரத்தில் பாதியைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியியலாளரின் ஒப்புதலுக்குப் போகும்படி வையுங்கள். மேற்சொன்ன 200 மில்லிமீட்டர் துளை 300 மில்லிமீட்டர் பீமில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும் என்பதால், அங்கே குழாயை விலக்குவதே முறை. பழைய தொழிற்சாலைகளில் ஈரத்தால் துருவேறிய பீமின் உண்மையான தடிப்பு மென்பொருளில் வரைந்த மாதிரியில் தெரியாது; ஆகவே அங்குள்ள பீம்களில் எவ்வளவு சிறிய துளையானாலும் ஒப்புதல் கட்டாயம் என்று தனி வகையாகப் பிரித்துவையுங்கள்.

அமைப்பைச் சேமித்தபின் ஒரு தளம், ஒரு சுவர், ஒரு பீம் ஆகியவற்றில் சோதனைத் துளை போட்டு, அளவுகளை வரைபடத்தில் எடுத்துப் பாருங்கள். பின்னர் செய்யும் மாற்றம் பெரும்பாலும் புதிய துளைகளையே பாதிக்கும். ஏற்கெனவே உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து மறுபடி புதுப்பிக்க வேண்டும்.