புது கார் வாரண்டி: ஆயில் பில்லில் கோட்டை விடாதீர்கள்

இன்ஜின் கோளாறுக்கு வாரண்டி கேட்டால், சர்வீஸ் சென்டர் முதலில் புரட்டுவது பழைய ஆயில் பில்களைத்தான். 'தவறான ஆயில்', 'சர்வீஸ் தேதி தாண்டிவிட்டது' என்று கைவிரிக்க அங்கேதான் காரணம் கிடைக்கும்.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. ஆயில் மாற்ற கையேடு சொல்லும் கெடு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்றால், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. அடையாறு, மயிலாப்பூர் என்று பக்கத்திலேயே சுற்றும் கார் வருடத்துக்கு 4,000 கி.மீ. ஓடினாலும் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

'சென்னை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி' என்ற பேச்சை நம்பாதீர்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், சூடேறிய இன்ஜினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஓர் அளவில் பிடித்து வைக்கின்றன. கையேட்டில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் இருக்கும்போது 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் பாகங்களும் சரியாக இயங்காமல் போகலாம். அதோடு, வாரண்டியை மறுப்பதற்கான காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

பிஎஸ்6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, இன்ஜின் அதிகப்படி டீசலைப் பீய்ச்சும். வேளச்சேரி நெரிசலில் ஊர்ந்து, கரி எரிந்து முடியும் முன்பே வண்டியை அணைத்தால் அந்த டீசலில் கொஞ்சம் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவு 'மேக்ஸ்' கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். 'குறையவில்லையே' என்று ஓட்டினால் பேரிங் தேயும். அன்றே படம் எடுத்து, மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். அந்த வடிகட்டி அடைக்காமல் இருக்க, ஆயிலும் கையேடு சொல்லும் சாம்பல் குறைந்த ரகமாக இருக்க வேண்டும். உதாரணமாக, ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தரக்குறியீடு உள்ள ரகத்தில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டாது.

பில்லில் வெறும் 'ஆயில் சேஞ்ச்' என்றிருந்தால் வாங்காதீர்கள். ஆயிலின் பெயர், கிரேடு, தரக்குறியீடு, எத்தனை லிட்டர், ஃபில்டரின் பாக எண், ஓடிய கி.மீ. எல்லாம் அதில் வர வேண்டும். கையேடு 3.5 லிட்டர் என்று சொல்ல, பில்லில் 4.5 இருந்தால் அங்கேயே கேளுங்கள். அவ்வளவும் உண்மையிலேயே ஊற்றியிருந்தால் நுரை கட்டி ஆயில் பிரஷர் விழலாம்.

காரை விடும்போது சர்வீஸ் சென்டர் குறையை எழுதும் ஜாப் கார்டில் 'சத்தம்' என்று ஒற்றை வார்த்தை போதாது. 'காலை முதல் ஸ்டார்ட்டில் மூன்று வினாடி டக டக சத்தம், சூடானதும் நிற்கிறது' என்று எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். இன்ஜினைப் பிரிக்கக் கையெழுத்து கேட்டால், வாரண்டி மறுக்கப்படும் பட்சத்தில் பிரித்த கூலி யாருடையது என்பதை முதலில் எழுத்தில் பெறுங்கள். வடித்த ஆயிலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் பிடித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைப்பது நல்லது.

மழைநீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்தச் சேதம் வாரண்டியில் வராது. இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையுள்ள இன்சூரன்ஸ்தான் கைகொடுக்கும்.

மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 10 முதல் 20 லட்சம் வரை விலை கொடுத்த காருக்குக் கட்டணம் 400 ரூபாய். குறையைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. அதை மனுவிலேயே கேளுங்கள்.