‘இட்’ எங்கே நிற்கிறது? ஃபிரேசல் வெர்ப்களைப் பழகும் முறை

ஆங்கிலத்தில் ‘கிவ்’, ‘புட்’, ‘டேக்’, ‘கெட்’ போன்ற எளிய வினைச்சொல் ஒன்றோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘ஆன்’ போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து புதிய பொருளைத் தரும்போது அதை ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. இதில் நாம் மிரள எதுவும் இல்லை. ‘முயற்சியைக் கைவிட்டான்’ என்று சொல்லும்போது நாமும் கையை நினைப்பதில்லை. நூறு, இருநூறு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்கள்கூடப் பொருளைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை வாக்கியத்தில் வைக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் செயப்படுபொருள் எந்த இடத்தில் வரும் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. ஆகவே ஒவ்வொரு ஃபிரேசல் வெர்பையும் ‘இட்’ என்ற சொல்லைச் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

‘புட் ஆஃப்’ என்பதை எடுத்துக்கொள்வோம். தள்ளிப்போடுதல் என்பது பொருள். “லெட்ஸ் புட் ஆஃப் தி மீட்டிங்” என்றும் சொல்லலாம், “லெட்ஸ் புட் தி மீட்டிங் ஆஃப்” என்றும் சொல்லலாம். ஆனால் கூட்டத்தை ‘இட்’ என்று குறிக்கும்போது “லெட்ஸ் புட் இட் ஆஃப்” மட்டுமே சரி. “புட் ஆஃப் இட்” என்று யாரும் சொல்வதில்லை. மறுபுறம், செயப்படுபொருள் நீண்டுகொண்டே போனால், எடுத்துக்காட்டாக “தி மீட்டிங் வீ ஹேட் பிளான்டு ஃபார் ஃப்ரைடே” என்று வந்தால், அதை நடுவில் திணிக்காமல் ‘புட் ஆஃப்’ முடிந்தபின் வைப்பதே இயல்பு.

கவனித்துக்கொள்ளுதல் என்று பொருள்படும் ‘லுக் ஆஃப்டர்’ வேறு வகை. “ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹர் மதர்” என்பதில் தாயைக் குறிக்க ‘ஹர்’ மட்டும் வந்தாலும் “ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹர்” என்றுதான் இருக்கும். நடுவே எதுவும் நுழையாது. ஆக, குறிப்பேட்டில் ஒன்று ‘புட் இட் ஆஃப்’ என்றும் மற்றது ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றும் பதிவாகும். பிரியும் வகை, பிரியா வகை என்று இலக்கணம் பேசுவதெல்லாம் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த வேறுபாடு ஏன் என்று கேட்பவர்களுக்கு ஆங்கில இலக்கண வகுப்புகளில் காட்டப்படும் பழைய இணை ஒன்று உண்டு. “ஹீ ரேன் அப் எ ஹில்” என்றால் குன்றின் மேல் ஓடினான். “ஹீ ரேன் அப் எ பில்” என்றால் கடன் கணக்கை ஏற்றிவிட்டான். முதல் வாக்கியத்தில் ‘அப்’ குன்றோடு சேர்ந்து, எங்கே ஓடினான் என்பதைச் சொல்கிறது. அதனால் அதைக் குன்றிலிருந்து பிரிக்க முடியாது. இரண்டாவதில் அது வினையின் பகுதி; “ரேன் இட் அப்” என்று நகர்த்தலாம்.

செயப்படுபொருளே வேண்டாத ஃபிரேசல் வெர்ப்களும் உண்டு: “தி பஸ் ப்ரோக் டவுன்”, “தி பிளேன் டுக் ஆஃப்”. அதே ‘டேக் ஆஃப்’ காலணியைக் கழற்றுவதற்கு வரும்போது “டேக் தெம் ஆஃப்” என்று ஆகிவிடுவதால், ஒரே சொல்லுக்குக் குறிப்பேட்டில் இரண்டு பதிவுகள் தேவைப்படலாம். மூன்று சொல் கொண்டவை ஒருவகையில் எளிது. “வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்” என்பதுபோலச் செயப்படுபொருள் பெரும்பாலும் கடைசியில்தான். ‘லுக் ஃபார்வர்ட் டு’ மட்டும் கூடுதல் கவனம் கேட்கிறது: வேலை விண்ணப்பத்தின் கடைசி வரி “ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ” என்று இருக்க வேண்டும், “டு மீட் யூ” என்று அல்ல.

தமிழில் பேசிப் பழகிய நமக்கென்றே சில வழுக்கல்கள் உண்டு. வீட்டில் “லைட்டை ஆஃப் பண்ணு” என்கிறோம். ‘பண்ணு’ அங்கே வினையின் வேலையைப் பார்த்துவிடுவதால், ஆங்கிலத்துக்கு மாறும்போது “ஆஃப் தி லைட்” என்று வினையே இல்லாமல் வாக்கியம் வந்து விழுகிறது. “டர்ன் ஆஃப் தி லைட்” அல்லது “ஸ்விட்ச் இட் ஆஃப்” என்று வினையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேருந்திலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்று நாம் சொல்வது இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘கெட் ஆஃப் தி பஸ்’ என்பார்கள். பஸ், ரயில், விமானம் போல உள்ளே நின்று நடக்க இடமுள்ள வாகனத்துக்கும், மேலே ஏறி உட்காரும் பைக்குக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காருக்கும் டாக்சிக்கும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’.

சமாளிப்பதைச் சொல்ல நாம் பயன்படுத்தும் ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ மிகை. ‘கோப் வித்’ போதும். படிவத்தை நிரப்புவதை பிரிட்டனில் ‘ஃபில் இன்’ என்றும் அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’ என்றும் சொல்வார்கள். ‘ஃபில் அப்’ பெட்ரோல் டாங்குக்கு உரியது. படிப்பை முடித்ததைக் குறிக்க “ஐ பாஸ்டு அவுட் இன் 2019” என்று வெளிநாட்டு நேர்காணலில் சொன்னால், 2019-இல் மயங்கி விழுந்ததாகத்தான் கேட்பவர் முதலில் நினைப்பார். ‘கிராஜுவேட்டட்’ என்பதே அங்கே பாதுகாப்பு. ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு ‘பாஸ் அவுட்’ பிரிட்டனிலும் வழங்குகிறது. சென்னை பரங்கிமலையில் நடக்கும் ‘பாசிங் அவுட் பரேட்’ அந்த வழக்கில் வந்ததே.

சிறு சொற்களுக்கென்று ஒரு போக்கு உண்டு என்பதையும் கவனிக்கலாம். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவற்றில் ‘அப்’ முழுவதும் தீர்த்துவிடுவதைக் காட்டுகிறது. ‘கேரி ஆன்’, ‘கோ ஆன்’ ஆகியவற்றில் ‘ஆன்’ தொடர்வதைக் காட்டுகிறது. ஊகிக்க இது உதவும், அவ்வளவுதான். இதை விதியாக நம்பினால் ‘கிவ் அப்’பிலேயே சறுக்கிவிடுவோம்.

பேச்சில் ‘புட் ஆஃப்’ வரும் இடத்தில் அலுவலகக் கடிதத்தில் லத்தீன் வழி வந்த ‘போஸ்ட்போன்’ வருவது வழக்கம். அதற்காக எழுத்தில் ஃபிரேசல் வெர்பே கூடாது என்று சிலர் கற்பிப்பதை நான் ஏற்கமாட்டேன். ‘கேரி அவுட்’, ‘செட் அப்’ போன்றவை ஆய்வறிக்கைகளிலும் தாராளமாக வருகின்றன. எழுதும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ‘லாக் இன்’, ‘பேக் அப்’ வினையாக வரும்போது இரண்டு சொற்கள், பெயராக வரும்போது ஒரே சொல். வினையாகச் சொல்கையில் அழுத்தம் பின்னால் வரும் சிறு சொல்லிலும், பெயராகச் சொல்கையில் முன்பகுதியிலும் விழும்.

பயிற்சிக்கு அகரவரிசையை விட்டுவிட்டு ஒரே சூழலைப் பிடித்துக்கொள்வது நல்லது. தொலைபேசி உரையாடலே போதுமான தொடக்கம். “ஹேங் ஆன்” என்றால் சற்றுப் பொறுங்கள்; “ஐ வில் புட் யூ த்ரூ டு தி மேனேஜர்” என்றால் மேலாளருக்கு இணைப்பு தருகிறேன்; “வீ காட் கட் ஆஃப்” என்றால் இணைப்பு அறுந்துவிட்டது; “ஐ வில் கால் யூ பேக்” என்றால் திரும்ப அழைக்கிறேன், இதில் ‘யூ’ நடுவில்தான் நிற்கும். ‘ஹேங் அப்’ என்பது அழைப்பைத் துண்டிப்பது. ஒருநாள் முழுவதும் வரும் அழைப்புகளில் இந்த ஐந்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் பேருந்துப் பயணத்துக்கு உரியவற்றை எடுத்துக்கொள்ளலாம்.